ஈரப்புல்லிலை நாலு சில்லுத் தடம்

இப்ப காட்டுக்குள்ளை வாற மோட்டச்சைக்கிளுக்குச் சத்தமே இல்லையாம். பற்றரியிலை ஓடுற சாமான். முந்தியெண்டால் ரெண்டு கிலோமீற்றருக்கு அப்பாலையே காதிலை விழும், கோப்பியைக் குடிச்சு முடிச்சிட்டு வெளிக்கிடலாம். நான் வேலை செய்த காட்டிலை இப்ப பொறுப்பா இருக்கிற மனுசி போன மாதம் ரெலிபோன் எடுத்து, புதுசா வேலைக்கு வந்த ஆக்களோடை ஒருக்கா வந்து கதைக்கேலுமோ எண்டு கேட்டா. உங்கடை காலத்திலை இவங்களை என்னெண்டு பிடிச்சனீங்கள் எண்டு அவைக்கு அறிய வேணுமாம். போனன். கேக் வெட்டினாங்கள், ஒரு மணித்தியாலம் வாய் மூடாமல் கதைச்சன். வீட்டை வந்து சப்பாத்தைக் கழட்டேக்கைதான் யோசிச்சன்: பிடிச்ச கதையெல்லாம் சொன்னன், பிடிபட்ட கதையைச் சொல்லாமல் வந்திட்டன். அதைத்தான் இங்கை எழுதுறன். டெனிஷிலை எழுதினால் எனக்குக் கோபம் வடிவாய் வராது, அதாலை தமிழிலை.

என்ரை பேர் சிவபாதம். டெனிஷ்காரருக்குச் சிவா. அகதியா வந்து, முகாமிலை இருந்து, பாஷை படிச்சு, கொம்யூன், அதாவது நகரசபை, காட்டின இடமெண்டு ஸ்கீவ ரவுணிலை வந்து இறங்கினன். முதல் ரெண்டு வருஷமும் தொழிற்சாலையிலை இறைச்சி வெட்டினன். ஒரு வசந்தத்துக்குக் கன்று நட ஆள் தேவையெண்டு அரசாங்கக் காட்டுக்குப் போனவன், இருபத்தொன்பது வருஷம் கழிச்சுப் பென்சன் எடுத்துக்கொண்டுதான் வெளியிலை வந்தன். இடையிலை காட்டு வேலைப் பள்ளிக்கூடம், வாள் மிசின் சேட்டிபிக்கற், வாகனம் ஓடுற சேட்டிபிக்கற் எல்லாம் எடுத்தன். அதுகளைப் பற்றி எழுத ஒண்டுமில்லை. சோதினையிலை பாஸ், அவ்வளவுதான்.

எழுத வேண்டியது பிரெபெனைப் பற்றி. எங்கடை வன அதிகாரி. ஆறடி இரண்டங்குல உயரம், காதுக்குப் பின்னாலை எப்பவும் ஒரு கட்டைப் பென்சில். மனுசன் ஒரு கேள்வி கேட்டால் பதில் வாறவரைக்கும் அடுத்த சொல்லு சொல்லமாட்டார். அது அரை நிமிசமெண்டாலும் சரி, அஞ்சு நிமிசமெண்டாலும் சரி. எங்கடை ஆக்களுக்கு அந்த மௌனம் தாங்கேலாது. எதையாவது உளறிப்போடுவம். நானும் முதல் ஆறு மாதம் நல்லா உளறினன். ஏசுறது, கத்துறது ஒண்டும் அவரிட்டை இல்லை. நல்லாச் செய்தால் ‘மோசமில்லை’ எண்டுவார். அதுதான் அவற்றை அதிகூடிய பாராட்டு. இருபத்திச்சொச்சம் வருஷத்திலை எனக்கு அது நாலு தரம் கிடைச்சது. நாலும் எங்கை, எப்ப எண்டு இப்பவும் சொல்லுவன்.

எங்களிட்டை ஒரு நாலு சில்லு மோட்டச்சைக்கிள் இருந்தது. தடிச்ச ரயர், முன்னுக்கும் பின்னுக்கும் பெட்டி. வேலி பார்க்க, கன்று ஏத்த, ஆக்கள் போட்டுட்டுப் போற குப்பையை அள்ள எல்லாத்துக்கும் அதுதான். அரசாங்கக் காட்டிலை பொதுசனம் நடக்கலாம், பாதையிலை சைக்கிள் ஓடலாம். எஞ்சின் பூட்டினது ஒண்டும் உள்ளை வரக்கூடாது. எங்களுக்கு மட்டும்தான் விதிவிலக்கு.

“அந்த விதிவிலக்குத்தான் காட்டுக்கு ஆபத்து,” எண்டு பிரெபென் முதல் நாளே சொன்னார். “வெளியாள் ஒருநாள் வருவான். நீ ஒவ்வொரு நாளும் வாறாய்.”

அவர் பழக்கின முறையைச் சொல்லுறன், வடிவாய்க் கேளுங்கோ. நிலம் நிறம் மாறுற இடத்துக்குப் பத்தடிக்கு முன்னாலை வண்டியை நிப்பாட்ட வேணும். எஞ்சினை நிப்பாட்ட வேணும். இறங்கி நடக்க வேணும். ஒரு சப்பாத்துக் குதியை நிலத்திலை வைச்சு, உடம்பின்ரை பாரம் முழுதையும் அதிலை குடுத்து, பத்து வரைக்கும் எண்ண வேணும். காலை எடுத்துப் பார். பள்ளத்திலை தண்ணி ஊறினால் வண்டி போகாது, சாமானைத் தோளிலை காவிக்கொண்டு நீ போ. தண்ணி ஊறேல்லை எண்டாலும் உடனை ஓடிப்போய் ஏறுறேல்லை. ரெண்டு நிமிசம் நிண்டு காது குடுக்க வேணும், குருவி ஏதும் கத்துதோ எண்டு. நிலத்திலை கூடு கட்டுற குருவியள் கிட்டப் போனால் கத்தும். திரும்புறதெண்டாலும் வட்டம் அடிக்கக்கூடாது, வந்த தடத்திலையே பின்பக்கமாப் போக வேணும். பின்னேரம் கொப்பியிலை எழுத வேணும்: எந்த இடம், எவ்வளவு ஈரம், போனதோ போகேல்லையோ.

நான் முதலிலை நினைச்சன், இந்த மனுசனுக்கு விசரெண்டு. சேறு எண்டால் சேறுதானே, நாங்கள் காணாத சேறோ? ஒருநாள் அவர் என்னை ஒரு மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு கோட்டைக் காட்டினார். புல்லு முளைக்காத ரெண்டு கறுப்புக் கோடு. ‘இது என்ரை,’ எண்டார். தான் வேலைக்கு வந்த புதுசிலை அவசரத்திலை ஒருக்கா ஓடினதாம். ஒரேயொரு தரம். நான் பார்க்கேக்கை அதுக்குப் பதினெட்டு வயது. அண்டையிலையிருந்து நான் கேள்வி கேக்கேல்லை. மழையோ வெய்யிலோ, எனக்கு நல்லாத் தெரிஞ்ச இடமோ தெரியாத இடமோ, இறங்கி நடந்துதான் ஓடினன். மற்றவங்கள் பகிடி பண்ணினாங்கள். பண்ணட்டும்.

வெளியாக்களைப் பிடிக்கிற கதையையும் சொல்லிவிடுறன், அதிலை எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருக்கு. கலைக்கக்கூடாது எண்டது பிரெபென்ரை சட்டம். அவன் ஓட, நீ கலைக்க, கடைசியிலை ரெண்டு தடம். அதாலை நான் வாசலிலை நிப்பன். காட்டுக்குள்ளை போற ஆள் எப்பவோ வெளியிலை வரத்தானே வேணும்? தேர்மோசிலை கோப்பி, ஒரு மடக்குக் கதிரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூண்டு பேர் சேத்திலை குளிச்சமாதிரி வந்தாங்கள். என்னைக் கண்டதும் முன்னுக்கு வந்தவன் தலைக்கவசத்தைக் கழட்டி, “நீ எங்கையிருந்து வந்தனி?” எண்டு கேட்டான். அந்தக் கேள்வி என்ன நிறத்திலை வாறதெண்டு எனக்குத் தெரியும்.

“ஸ்கீவவிலையிருந்து. நீ?”

“ஓகூஸ்.”

“அப்ப நீதான் வெளியாள். இஞ்சை வா, நீ ஓடின இடத்தைக் காட்டுறன். நடந்து வா.”

ஒரு மணித்தியாலம் நடத்தினன். அவன் கிழிச்ச நிலத்தை அவனையே காலாலை மிதிச்சு மூட வைச்சன். போகேக்கை, உரிமையாளர் விடுற இடத்திலை, மணல் தோண்டி எடுத்து முடிஞ்ச கிடங்கிலை ஓடுறதுக்கெண்டே கழகம் இருக்கு, அங்கை போய் ஆசைதீர ஓடு எண்டு விலாசமும் எழுதிக் குடுத்தன். ஓடுறதிலை பிழையில்லை, இடத்திலைதான் பிழை. பிரெபெனுக்குச் சொன்னன். ‘மோசமில்லை,’ எண்டார். அது மூண்டாவது தரம்.

இப்ப விசயத்துக்கு வாறன்.

என்ரை தங்கச்சி மலர் கொப்பன்ஹேகன் பக்கம், ஹ்விடோவ்ரேயிலை. அவளின்ரை மகளுக்குக் கலியாணம் பேசியாச்சு. மாப்பிள்ளை சுதன். வன்னியிலையிருந்து தனியா வந்த பெடியன், வயோதிபர் இல்லத்திலை வேலை, தங்கமான குணம். அவனுக்கு அகதிப் பயணப் பத்திரம்தான் இருந்தது. அதோடை இலங்கைக்குப் போகேலாது. தாய் அங்கை, காலேலாத மனுசி, பிளேன் ஏறி வேறை எங்கையும் வரவும் ஏலாது. பத்து வருஷத்துக்கு மேலை தாயும் பிள்ளையும் நேரிலை காணேல்லை. சோதினை எல்லாம் எழுதிக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு, இண்டைக்கு வரும் நாளைக்கு வரும் எண்டு பார்த்துக்கொண்டிருந்தவன். அந்தக் கடதாசி கிடைச்சால் முதல் வேலை தாயைப் பார்க்கிறது. இது எங்கடை வீட்டிலை எல்லாருக்கும் தெரியும்.

மே மாதம். கலியாண வீடியோவுக்கு அவுட்டோர் ஷூட் வேணுமாம். இப்ப எங்கடை சனத்துக்குக் கலியாணத்தைவிட அதுக்கு முதல் எடுக்கிற வீடியோதான் பெரிசு. மலர் ரெலிபோனிலை சொன்னாள், “அண்ணை, உங்களிட்டை முழுக்காடே கிடக்கு, நாங்கள் ஏன் காசு குடுத்துத் தோட்டம் எடுக்க வேணும்?” வாங்கோ எண்டன். பாதையிலை நிண்டு எவ்வளவெண்டாலும் எடுக்கலாம், அதிலை ஒரு பிழையுமில்லை. சனிக்கிழமை வந்து இறங்கிச்சினம்: தங்கச்சி, புருஷன், பெண், மாப்பிள்ளை, லண்டனிலையிருந்து ஒரு வீடியோக்காரன்.

நான் அந்தக் கிழமை வார இறுதிக் கடமை. என்ரை வீடு காட்டின்ரை விளிம்பிலை, வண்டி நிக்கிற கொட்டில் வீட்டுக்குப் பின்னாலை. கடமையிலை நிக்கிறவன் வண்டித் திறப்பைப் பொக்கற்றிலை வைச்சிருக்க வேணும் எண்டது சட்டம். நான் குசினியிலை, ஆணியிலை கொழுவிப்போட்டு, என்ரை மனுசியையும் மலரின்ரை புருஷனையும் ஏத்திக்கொண்டு ஆட்டிறைச்சி வாங்க ரவுணுக்குப் போனன். இந்த இடத்திலை ஒரு நொண்டிச்சாட்டும் சொல்லமாட்டன். அது என்ரை பிழை.

திங்கள் காலமை கொட்டிலைத் திறந்தால், வண்டி நான் விட்டதைவிடச் சுத்தமா நிக்குது. ரயர் எல்லாம் பளபளக்குது. உள்ளை ஓடிப்போய், “ஆர் வண்டி எடுத்தது?” எண்டு கத்தினன்.

மலர் தேத்தண்ணிக் கோப்பையோடை சிரிச்சுக்கொண்டு வந்தாள். “ஏன் அண்ணை காலங்காத்தாலை கத்துறியள்? மாப்பிள்ளை கொஞ்சம் ஓடினவர். ‘மாமான்ரை வண்டி, ஊத்தையா விடக்கூடாது’ எண்டு தானே கழுவியும் விட்டவர். வீடியோவிலை பாருங்கோ, என்ன வடிவு! அவள் சீலையோடை பின்னுக்கு இருக்கிறாள்.”

“எங்கை ஓடினவர்?”

“காட்டுக்கு நடுவிலை ஒரு பச்சைப் புல்வெளி இருக்கெல்லே. குறுக்காலை ஒரு கயிறு கட்டிக் கிடந்தது. அவிட்டுட்டுப் போய், திரும்பி வரேக்கை வடிவாய்க் கட்டிப்போட்டுத்தான் வந்தவை.”

அந்தப் புல்வெளி ஈரநிலம். ஆக்காட்டி முட்டையிடுற இடம். ஊரிலை தரவைப் புல்லுநிலத்துப் பக்கம் கத்திக்கொண்டு திரியிற அதே ஆக்காட்டிச் சாதிதான், இஞ்சை தலையிலை கொண்டையோடை. இந்த நாட்டிலை வரவரக் குறைஞ்சுபோற குருவி. வசந்தத்திலை நாங்களே அதுக்குள்ளை வண்டி விடுறேல்லை, அதுக்குத்தான் கயிறு. சுதன் களவெடுக்கப் போகேல்லை, குழப்படி செய்யப் போகேல்லை. எங்கடை ஆக்களுக்கு மாமான்ரை வண்டி எண்டால் தங்கடை வண்டி, மாமா வேலை செய்யிற காடெண்டால் தங்கடை வளவு. டெனிஷ்காரன் ஒருத்தன் கனவிலும் அந்தத் திறப்பைத் தொட்டிருக்கமாட்டான்.

யோசிக்க நேரமில்லை. வாசலிலை பிரெபென்ரை கார். திங்கள் காலமை நாங்கள் ரெண்டுபேரும் காட்டைச் சுத்தி நடக்கிறது வழமை.

புல்வெளிக்குப் போகேக்கையே ஆக்காட்டி கத்துறது கேட்டுது. தலைக்கு மேலை தாழப் பறந்து பறந்து கத்துது. ரெண்டு கோடு கறுப்பா, நேரா உள்ளுக்குப் போய், நடுவிலை ஒரு வட்டம் அடிச்சுத் திரும்பியிருக்கு. வட்டம் வீடியோவுக்கு. அந்த வட்டத்திலைதான் கூடு இருந்தது. நாலு முட்டை. மூண்டு சப்பளிஞ்சு, ஒண்டு முழுசாய்க் கிடந்தது, ஆனால் குளிர்ந்துபோச்சு. பிரெபென் முழங்காலிலை இருந்து அந்த ஒண்டைப் புறங்கையாலை தொட்டுப் பார்த்தார். பிறகு தடத்துக்குப் பக்கத்திலை குந்தி ஒரு இடத்தைப் பென்சிலாலை காட்டினார். பின் ரயரிலை ஒரு வெட்டு, நான்தான் போன மாரி ஒட்டினது. அது சேத்திலை அச்சாப் பதிஞ்சு கிடந்தது.

“எங்கடை வண்டி,” எண்டார்.

“ஓம்.”

“கடமையிலை ஆர்?”

“நான்.”

அவர் காத்துக்கொண்டு நிண்டார். “பதினொன்றரைக்கு ஒஃபிஸுக்கு வா,” எண்டுபோட்டு நடந்தார். ஆக்காட்டி நாங்கள் போனாப்பிறகும் கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு அண்டைக்கு வந்த வெக்கம், சொந்தக்காரனைச் செத்தவீட்டிலை விட்டிட்டு வந்தமாதிரி.

வீட்டை வந்து சொன்னன். சுதன் அந்த நேரம் வீடியோக்காரனை ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் விடப் போயிட்டான். வண்டியைக் கேக்காமல் எடுத்தது ஒரு குற்றம், கூடு அழிஞ்சது இன்னொண்டு. பொலிஸுக்குப் போகும், தண்டம் வரும். தண்டம் ஒரு எல்லையைத் தாண்டினால் குடியுரிமை வருஷக்கணக்கிலை தள்ளிப்போகும். அது எங்களுக்குத் தெரிஞ்சமாதிரி டெனிஷ்காரருக்கே தெரியாது.

மலர் என்ரை கையைப் பிடிச்சாள். “அண்ணை, நீங்கள் ஓடினதெண்டு சொல்லுங்கோ. உங்களிட்டைப் பாஸ்போட் இருக்கு. உங்களை என்ன செய்யப் போறாங்கள்? ரெண்டு பேச்சுப் பேசுவாங்கள். அந்தப் பிள்ளையின்ரை தாய் கண்ணை மூட முதல் அவன் போய்ப் பார்க்க வேண்டாமோ?”

“மலர், வேலை போகும்.”

“வேலை பெரிசோ, தாய் பெரிசோ?”

இதுக்கு என்ன பதில் சொல்லுவியள்? “சரி, விடு, நான் சொல்லுறன்,” எண்டன். மருமகள், மலரின்ரை மகள், படியிலை நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டதை நான் காணேல்லை.

பதினொன்றரை. ஒஃபிஸிலை பிரெபென் படிவத்தை எடுத்து வைச்சார். சம்பவ அறிக்கை எழுத அவருக்கு ஒரு முறை இருந்தது. தான் கேட்டு, தான் எழுதி, எழுதினதை ரெண்டு தரம் உரக்க வாசிப்பார். முதல் தரம் கெதியா, ரெண்டாம் தரம் ஆறுதலா, ஒவ்வொரு வசனத்துக்கும் நிமிர்ந்து பார்த்து. கடைசியிலை, ‘இதிலை உண்மையில்லாதது ஏதும் இருக்கோ?’ எண்டு கேட்டுத்தான் பேனையை நீட்டுவார்.

ஓடினது நான் எண்டு சொன்னன். விருந்தாளியளுக்கு இடம் காட்டப்போய்க் கவனமில்லாமல் இறக்கிப்போட்டன் எண்டன். எழுதினார். ரெண்டு தரம் வாசிச்சார். உண்மையில்லாதது இருக்கோ எண்டு கேட்டார். இல்லை எண்டன். பேனையை நீட்டினார். கையெழுத்துப் போட்டன். நான் என்ரை வாழ்க்கையிலை வெக்கப்படுற கையெழுத்து அது ஒண்டுதான்.

அவர் கடதாசியைத் தன்ரை பக்கம் திருப்பி வைச்சார்.

“சிவா, கயித்துக்குக் கிட்ட நான் வடிவாய்ப் பார்த்தனான். உன்ரை வேலைச் சப்பாத்துத் தடம் ஒண்டுமில்லை. கயிறு அவிட்ட இடத்திலை ஒரு சோடி மெல்லிய சப்பாத்து, அவ்வளவுதான். குதி வைச்ச பள்ளமில்லை. இத்தனை வருஷத்திலை நீ ஈரத்துக்குள்ளை இறங்கி நடக்காமல் ஒருநாள்கூட ஓடினதில்லை. மற்றவங்கள் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது எனக்குத் தெரியும். அந்த வட்டமும் நீ அடிச்சதில்லை.”

நான் பேனையை மூடி அவரிட்டை நீட்டினன்.

“இப்பிடிச் சொல்லச் சொல்லி ஆரும் உன்னைக் கேட்டவையோ?”

“இல்லை.”

அவர் காத்திருந்தார். திரும்ப அதே கேள்வியைக் கேட்டார், அதே சொல்லுகளாலை.

“ஒருத்தரும் கேக்கேல்லை,” எண்டன். என்ரை தங்கச்சியை நான் அந்த மேசையிலை வைக்கமாட்டன். இதிலை எனக்கு இண்டைக்கும் வெக்கமில்லை.

“நான் பாண் சாப்பிடப் போறன்,” எண்டார். “இந்தக் கடதாசி பன்னிரண்டு மணி மட்டும் மேசையிலை கிடக்கும்.”

வெளியிலை வந்தால் முற்றத்திலை சுதன் நிக்கிறான். மூச்சு வாங்குது. ஸ்டேசனிலை நிக்கேக்கை மருமகள் ரெலிபோனிலை எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். அவன் நேரை இங்கை வந்திட்டான். காலிலை அந்த மெல்லிய வெள்ளைச் சப்பாத்து, விளிம்பெல்லாம் சேறு.

“மாமா, எங்கை அந்த ஐயா?”

“உனக்கு விசரோ? பேசாமல் வீட்டை போ!”

“என்னாலை உங்கடை வேலை போகக்கூடாது.”

“கொம்மாவை யோசிச்சனியோ?”

“அம்மாவைத்தான் யோசிச்சனான். நான் இப்பிடி வந்து பார்க்கிறதெண்டு தெரிஞ்சால் அவ கதவு திறக்கமாட்டா.” கண் கலங்கிப்போச்சு அவனுக்கு. என்னைத் தாண்டி உள்ளை போயிட்டான். நான் அவனை இழுத்துப் பிடிச்சிருக்கலாம். பிடிக்கேல்லை.

பிரெபென் பாணை மூடி வைச்சிட்டுப் புதுப் படிவம் எடுத்தார். சுதன் நிண்டபடியே, தன்ரை டெனிஷிலை, ஒண்டும் விடாமல் சொன்னான். கயிறு அவிட்டது, வட்டம் அடிச்சது, பெண்ணைப் பின்னுக்கு ஏத்தினது, குருவி கத்தினது கேட்டும் அது வீடியோவிலை விழுந்தால் நல்லதெண்டு திரும்ப ஒருக்கா ஓடினது. அதைக் கேக்கேக்கை எனக்கு அவனுக்கு ரெண்டு போடலாம் போலை வந்துது.

“திறப்பை ஆர் தந்தது?”

“ஒருத்தரும் தரேல்லை. நான் எடுத்தனான்.”

“குசினி ஆணியிலை இருந்தது,” எண்டு நான் இடையிலை சொன்னன். “பொக்கற்றிலை இருந்திருக்க வேணும். அதையும் எழுதுங்கோ.”

எழுதினார். ரெண்டு தரம் வாசிச்சார். சுதன் கையெழுத்துப் போட்டான். பழைய கடதாசியைப் பிரெபென் என்ரை கையிலை தந்து, அடுப்பைக் கண்ணாலை காட்டினார். போட்டன். திறப்பு விசயத்துக்கு எனக்கு எழுத்திலை எச்சரிக்கை வந்தது, வேலை தப்பிச்சுது. சுதனுக்குத் தண்டம் வந்தது. அவனின்ரை விண்ணப்பம் வருஷக்கணக்கிலை தள்ளிப்போச்சு. பயந்தது அப்பிடியே நடந்துது.

அண்டைக்குப் பின்னேரம் மலர் காரிலை ஏற முதல் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: “ஒரு பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாத மனுசர். போயும் போயும் உங்களிட்டைக் கேட்டன் பாருங்கோ.” அதுக்குப் பிறகு என்னோடை கதைக்கேல்லை. கலியாணத்திலை தாய்மாமன் செய்ய வேண்டியதெல்லாம் நான்தான் செய்தன், ஆனால் எதைச் செய்ய வேணுமெண்டு மச்சான் வந்து சொன்னார். அவள் எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி தரேல்லை. நல்லநாள் பெருநாளிலை ரெலிபோன் எடுத்தால் மச்சான்தான் கதைப்பார். பின்னாலை அவளின்ரை குரல் கேக்கும். ஒரே இரத்தம், ஒரு சொல்லில்லை. எனக்கு நெஞ்சு எரிஞ்சது, அதை மறைக்க என்ன இருக்கு? அவளிட்டை நான் கோபப்பட்டன், பிறகு தாயைக் காணாத பெடியனை நினைச்சுக் கோபம் அடங்கும், பிறகு திரும்பக் கோபப்படுவன். ஒரு மாரி சுதன்ரை தாய்க்குக் கடுமையாச் சுகமில்லாமல் வந்துது. அந்த ரெண்டு கிழமையும் ரெலிபோன் அடிச்சால் நான் முதலிலை நம்பரைப் பார்த்துத்தான் எடுத்தன். மனுசி தப்பிச்சிட்டா.

சுதன் மட்டும் என்னோடை ஒருநாளும் முகம் முறிக்கேல்லை. அடுத்த வசந்தம் ஆக்காட்டிக் கூடு எண்ண உதவிக்கு வாறன் எண்டு நிண்டான். வந்தான், குளிரிலை மூக்கு ஒழுக அரைநாள் நிண்டான், பிறகு வரேல்லை. எல்லாருக்கும் காடு சரிவராது.

நான் பென்சன் எடுக்கிறதுக்கு ரெண்டு வருஷம் முதலே பிரெபென் எடுத்திட்டார். கடைசி நாள் கை குடுக்கேக்கை, ‘மோசமில்லை’ எண்டார். நாலாவது. எதுக்கெண்டு சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை.

இந்த வருஷம் சுதனுக்குக் கடதாசி வந்தது. இந்த நாட்டிலை குடியுரிமை முடிவாக, கொம்யூனிலை ஒரு விழாவிலை போய்க் கை குலுக்க வேணும். எனக்கு அழைப்பு. பிரெபெனுக்கும் அழைப்பு. ஏன்ரா அவர் எண்டு கேட்டன். “நான் செய்த பிழையை முழுசாத் தெரிஞ்ச டெனிஷ்காரன் அவர் ஒராள்தான் மாமா. அவர் வந்தால்தான் எனக்கு ஒழுங்கு,” எண்டான்.

ரெண்டுபேரும் ஸ்கீவவிலையிருந்து ரெயிலேறிப் போனம். பிரெபென் கழுத்திலை ரை கட்டியிருந்தார், நான் அதை முதல் தரம் கண்டன். சுதன்ரை பேர் கூப்பிட, அவன் போய்க் கை குலுக்கினான். அவனின்ரை சின்ன மகள் கொடியை ஆட்டிக்கொண்டு கத்தினாள். அடுத்த மாதம் பதினாலாம் திகதிக்கு ரிக்கற் போட்டாச்சு, தாய் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறா எண்டு மருமகள் சொன்னாள்.

கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கேக்கை மலர் வந்தாள். பட்டுச்சீலை. என்னைப் பார்க்கேல்லை. நேரை பிரெபெனிட்டை வந்து நிண்டு, தன்ரை டெனிஷிலை, பாடமாக்கிக்கொண்டு வந்தமாதிரிச் சொன்னாள்:

“நான் இவரின்ரை தங்கச்சி. அண்டைக்குப் பொய் சொல்லச் சொன்னது நான்தான். அது உங்களுக்குத் தெரியும். இண்டைக்கு நல்லநாள், அதாலை என்ரை வாயாலையும் சொல்லிப்போட வேணுமெண்டு வந்தன்.”

பிரெபென் கோப்பையை மேசையிலை வைச்சார்.

“எனக்குத் தெரியாது,” எண்டார். “நான் இவனை ரெண்டு தரம் கேட்டனான். ரெண்டு தரமும் ஒருத்தருமில்லை எண்டு சொன்னவன்.”

மலர் அப்பிடியே நிண்டாள். இவ்வளவு வருஷமும் அவள் நினைச்சது, நான் அவளின்ரை பேரைச் சொல்லித்தான் தப்பினதெண்டு. அது எனக்கு அந்த நிமிசம்தான் விளங்கிச்சுது. எனக்குக் கண்ணிலை தண்ணி வந்திட்டுது, டெனிஷ்காரர் நடுவிலை நிண்டு துடைச்சன்.

அவள் என்ரை பக்கம் திரும்பினாள்.

“அண்ணை, வீட்டை வாங்கோ சாப்பிட. அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவருக்கு உறைப்புக் குறைச்சு நான் வேறையாச் சமைக்கிறன்.”